அத்தான் கட்டிய கரகரப் பெட்டி

என் அக்காவைக் கட்டிக்கொண்ட மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எங்கே ஆரம்பிப்பது என்பதே பெரிய தொல்லை. அவரைக் கேட்டால் பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். அக்காவைக் கேட்டால் ஆரம்பிக்கவே வேண்டாம் என்பாள். அதனால் நான் யாரையும் கேட்காமல் மிக்ஸியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அக்கா வீட்டு மிக்ஸி ஒருமுறை ஓடாமல் நின்றது. பழுது பார்க்கிறவரிடம் கொடுக்கலாம் என்றாள் அக்கா. அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்; அது வந்தால் வீட்டில் ஏதோ ஒரு பொருளுக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மிக்ஸியைப் பிரித்தார், துடைத்தார், மாட்டினார். மாட்டி முடித்தபின் இரண்டு திருகாணி மிச்சம் கிடந்தது. "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்" என்றார். மிக்ஸி ஓடியது, இல்லை என்று சொல்லமாட்டேன். நிற்கத்தான் இல்லை. சுவிட்சை அணைத்தாலும் ஓடியது, பிளக்கைப் பிடுங்கினால்தான் ஓய்ந்தது. "ஓடணும்னுதானே கேட்டீங்க? ஓடுதா இல்லையா?" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இன்றுவரை அந்த வீட்டில் மிக்ஸி போட ஓர் ஆள், பிளக் பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆள்.

தொழில் என்று பார்த்தால் அத்தான் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர். எங்கள் இருவருக்கும் ஒரே கடை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ், லேமினேஷன். அந்தப் பக்கம் அவர் சாம்ராஜ்யம். 'உண்மை நகல்', 'பெறப்பட்டது', 'ரத்து செய்யப்பட்டது' என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அத்தனை அதிகாரமும் அவர் மேசையிலிருந்துதான் புறப்பட்டுப் போகிறது. வீட்டில் இரண்டாவது டம்ளர் டீக்கு அவருக்கு அதிகாரம் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஸ்டாம்பில் எழுத்து புரண்டு இருக்கும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். வயசுப் பையனாக இருந்ததிலிருந்து புரண்ட எழுத்தையே பார்த்துப் பார்த்து அத்தானுக்கு நேர் எழுத்தும் புரண்ட எழுத்தும் ஒன்றுதான். எதிரில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், வெளிச்சத்தில் அந்தத் தாளை ஊடுருவித் தெரிகிற பக்கத்தையும் இவர் படித்துவிட்டு, "நாளைக்கு மழையாம்" என்பார். பேப்பர் வாங்கியவர் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கமாட்டார்.

இவ்வளவு எழுத்துகளைச் செய்த மனிதருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வராது. ஓர் அலுவலகத்துக்கு 'வருந்துகிறோம்' என்று ஸ்டாம்பு செய்து கொடுத்திருக்கிறார், அதுவும் அழகான எழுத்தில். ஆனால் அவர் வாய் திறந்து வருந்தி நானும் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை. காலை மிதித்துவிட்டால்கூட, "நீ ஏன் அங்க காலை வெச்ச?" என்பார்.

இந்த இரண்டு பெருமைகளும் சேர்ந்து அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதுதான் கதை.

அவருக்கு ஒரே மகள். வேலைக்குப் போகிற வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களோடு மல்லுக்கட்டுவாள், சாயங்காலம் கிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாசிப்பாள். அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. ஃபஸ் பெடல் என்று அதற்குப் பெயர். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும். காலால் அதன் சுவிட்சை மிதித்தால், அதுவரை இனிமையாக வந்துகொண்டிருந்த சத்தம் கரகரவென்று கெட்டுப்போய் வரும். நல்லா இருக்கிற சத்தத்தைக் கெடுப்பதற்கு ஒரு பெட்டியா என்று நான் கேட்டேன். "மாமா, உங்களுக்குப் புரியாது" என்றாள். புரியவில்லைதான். நாங்கள் அதைக் கரகரப் பெட்டி என்று கூப்பிட்டோம்.

அவளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் வெளியூர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி அது. அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லையாம். பாப்பா அதைத் துணியில் சுற்றி வைப்பாள்.

ஒருநாள் அதன் அடாப்டரைக் காணவில்லை. பாப்பா குளித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு உதவ வேண்டும் என்று அத்தானுக்குத் தோன்றிவிட்டது. எங்கள் வீட்டில் நடந்த எல்லா விபத்துகளுக்கும் ஆரம்பம் இந்த எண்ணம்தான். கடையில் ரப்பரை வெளிச்சம் காட்டிப் பதமாக்குகிற மிஷினின் அடாப்டரைப் பையிலிருந்து எடுத்தார். அதன் முனையும் பெட்டியின் ஓட்டையும் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தின. முனை பொருந்திவிட்டால் போதாதா? கரண்டுக்கென்று தனியாக ஓர் அறிவு இருக்கிறதே, அது தானாகப் பார்த்துப் போகாதா? போயிற்று. ஒரே மூச்சில் போயிற்று. பாப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? அத்தான் சொன்னார்: "அது பழசுதானே பாப்பா. எப்படியும் ஒருநாள் போயிருக்கும்."

பாப்பா அழவில்லை, கத்தவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "அம்மா, அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு" என்பாள். அவர் அரை அடி தூரத்தில் இருப்பார். அவரும் விட்டாரா? "அவகிட்ட சொல்லு, நான் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கேன்னு" என்பார். நடுவில் அக்கா தபால்காரி வேலை பார்த்தாள்.

இது வெறும் வீட்டுச் சண்டையாக இருந்திருந்தால் நான் வேடிக்கை பார்த்துவிட்டு டீ குடித்திருப்பேன். ஆனால் பாப்பாவுக்கு அந்த வாரம்தான் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. டயர் கடை மாடியில் ஒரு பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து பாப்பா அந்த மாடிக்குக் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். அவர்களுடைய கிட்டார்காரர் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இவளை வரச் சொன்னார்கள். பெட்டி இல்லாமல் போனாள். குழுவுக்குத் தலைவர் டிரம்ஸ் வாசிப்பவர். கேட்டுவிட்டு, "வாசிப்பு நல்லா இருக்கும்மா. ஆனா எங்க பாட்டுக்கு அந்தக் கரகரப்பு வேணும். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பெட்டியோட வா. இல்லன்னா வேற ஒருத்தரைப் பார்த்துக்கிறோம், தப்பா எடுத்துக்காத" என்றார்.

இதை அக்கா வந்து அத்தானிடம் சொன்னாள். எப்போதும் வருகிற சிரிப்பு அன்றைக்கு அவர் முகத்தில் வரவில்லை. "அவகிட்ட சொல்லு. நானே செஞ்சு தரேன்" என்றார்.

"ஐயோ, வேண்டாங்க" என்றாள் அக்கா. பாவம், மிக்ஸி ஞாபகம்.

மறுநாள் ரேடியோ கடையிலிருந்து ஒரு பை நிறைய சாமானோடு வந்தார். கடலைப் பருப்பு மாதிரி கலர் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், குட்டிக் குட்டி கெப்பாசிட்டர்கள், மூன்று கால் முளைத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஈயக் கம்பி, அதை உருக்குகிற சால்டரிங் அயர்ன். அப்புறம் ஸ்ட்ரிப்போர்டு. பழுப்பு நிற அட்டை மாதிரி ஒரு பலகை, முழுக்க ஓட்டை. பின்பக்கம் செம்புப் பட்டைகள் கோடு கோடாக ஓடும். மேலே சாமானைச் செருகி, பின்பக்கம் அதன் கம்பிக் காலைப் பட்டையில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரே பட்டையில் நிற்பவை எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தவை. சேரக் கூடாத இடத்தில் டிரில் பிட்டைக் கையால் திருகிப் பட்டையை அறுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் தத்துவம். இதை அத்தான் எனக்கு விளக்கிய தோரணையைப் பார்த்தால் மின்சாரத்தையே அவர்தான் கண்டுபிடித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

எதை எந்த ஓட்டையில் செருகுவது என்பதற்கு இன்டர்நெட்டில் படம் கிடைத்தது. "என் பிரின்ட்டர்ல போட்டுத் தரேன் அத்தான்" என்றேன்.

"உன் மிஷின்ல கோடு விழும் மச்சான். இது நுணுக்கமான வேலை" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்துப் பிரின்ட்டரிலேயே போட்டுக்கொண்டார். ஸ்டாம்புக்கு ஃபிலிம் எடுக்கிற பிரின்ட்டர் அது. தாளை மேசைக்கு மேலே சுவரில் செலோடேப் போட்டு ஒட்டினார்.

என் நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடித் தடுப்பு வழியாக அந்தத் தாள் நேர் எதிரே தெரியும். எழுத்துகள் ஒரு மாதிரி இருந்தன. ரஷ்யன் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "இது என்ன பாஷை அத்தான்?" என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் முந்தின நாள்தான், "ஈயம்னா சாப்பிடற பாத்திரத்துல பூசுறதா?" என்று கேட்டுவிட்டு நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வேலை ஆரம்பமாயிற்று. முதல் ரெசிஸ்டரைப் பற்றவைப்பதற்குள் அத்தான் கட்டை விரலைச் சுட்டுக்கொண்டார். ஈயம் சொட்டுச் சொட்டாக விழுந்து, பக்கத்துப் பட்டைகளையும் சேர்த்துக்கொண்டு மல்லாந்து படுத்தது. அதைச் சுரண்டினார். சுரண்டும்போது பட்டையே பிய்ந்து வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "சார், என் 'செயலாளர்' ஸ்டாம்பு ரெடியா?" என்றார். "செயலாளருக்கு என்ன அவசரம்? அடுத்த வாரம் வாங்க" என்று துரத்திவிட்டார். ஒரு சங்கமே அவரால் கையெழுத்துப் போட முடியாமல் கிடந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போர்டைப் புரட்டிப்போட்டுப் பட்டை அறுக்கும்போது, முன்பக்கம் இடப்புறம் இருப்பது பின்பக்கம் வலப்புறம் வரும், அதில்தான் முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் கோட்டை விடுவார்கள் என்று ரேடியோ கடைக்காரர் எச்சரித்து அனுப்பியிருந்தார். அத்தான் அதைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "எனக்கா? புரட்டறதுல எனக்கே பாடமா?" அந்த இடத்தில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வோர் அறுப்பும் துல்லியம்.

போர்டு முடிந்தது. சோதித்துப் பார்க்கக் கிட்டார் வேண்டும். அதைத் தொட இவருக்கு அனுமதி இல்லை. என்னைத் தூது அனுப்பினார். பாப்பா கிட்டாரைக் கொண்டுவந்து சோபாவில் சாத்திவிட்டு, கதவு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் நின்றாளே. அத்தான் ஒயர்களை மாட்டினார். என்னை ஒரு தந்தியைச் சுண்டச் சொன்னார். சுண்டினேன்.

ஸ்பீக்கரிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் வந்தது. காதருகே வந்து, அடிக்கக் கை ஓங்கினால் தப்பித்துப் போகுமே, அந்தச் சத்தம். ஒலியைக் கூட்டினார். கொசு கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

"மாமா, அவர்கிட்ட சொல்லுங்க, எனக்குக் கொசு வேண்டாம்னு" என்று சொல்லிவிட்டு, பாப்பா கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நானாக இருந்தால் அத்தோடு வாலைச் சுருட்டிக்கொண்டு ரேடியோ கடைக்காரர் காலில் விழுந்திருப்பேன். அத்தான் புதுப் போர்டு வாங்கி வந்து, இரண்டாவதை ஆரம்பித்தார். இந்த முறை கை பழகியிருந்தது. ஈயம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒவ்வொரு சாமானும் ராணுவ வரிசையில் நின்றது. சுவரில் இருந்த படத்தோடு ஓட்டைக்கு ஓட்டை ஒப்பிட்டுப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன்; அச்சு அசல் படம் போலவே இருந்தது. பாப்பா இல்லாத நேரம் பார்த்து, அக்காவைக் காவலுக்கு வைத்து, கிட்டாரைத் திருடி எடுத்து மாட்டினோம்.

'ங்ஙீ.'

அதே கொசு. முதல் போர்டில் தப்பித்துப் போனதுதான் திரும்பி வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அத்தான், நீங்க உலகத்திலேயே முதல்முறையா..." என்று ஆரம்பித்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

அந்த மனிதர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் சூடு பட்ட தழும்பு. "மச்சான், அவ என்கிட்ட ஜென்மத்துக்கும் பேசாட்டியும் போகட்டும்டா" என்றார். "அந்த இடம் அவளுக்குப் போயிடக்கூடாது. சின்னப் பொண்ணா இருந்தப்ப அந்த டயர் கடை வாசல்ல நின்னுக்கிட்டு வர மாட்டேம்பா. நான்தான் இழுத்துக்கிட்டு வருவேன். என்னாலதான் இது போகுது."

"இதை அவகிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

"என்னத்தைச் சொல்றது" என்று எழுந்து போய்விட்டார். அவரைக் கிண்டல் செய்து பிழைக்கிறவன் நான். இப்படி உட்கார்ந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள். அத்தான் கடையில் போர்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதையே முறைத்துக்கொண்டிருந்தார். அக்கா வேண்டுமென்றே தலைவலி என்று படுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பாப்பாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். பாப்பா வந்தாள். பாத்திரத்தை அவர் மேசையில் நங்கென்று வைத்தாள். அப்பா முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்கக் கூடாது, போர்டைப் பார்க்கவே கூடாது. மிச்சம் இருந்தது சுவர்தான். சுவரைப் பார்த்தாள்.

பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். கிட்டே போனாள். டேப்பைப் பிய்த்துத் தாளை எடுத்து, பின்பக்கமாகத் திருப்பி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா!"

சால்டரிங் அயர்னை எடுக்கப்போன அத்தானின் கை அந்தரத்தில் நின்றது. எத்தனை நாளைக்குப் பிறகு கேட்கிறார் அந்த வார்த்தையை!

"இதை எப்படிப்பா படிச்சீங்க?"

"எப்படின்னா? கண்ணாலதான்."

"எல்லாமே புரண்டு இருக்குப்பா! கண்ணாடியில பார்க்கிற மாதிரி! இங்க பாருங்க, எழுத்து, நம்பர், படம், எல்லாமே!"

அத்தான் எட்டி வாங்கிப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். "எங்க? நேராத்தானே இருக்கு?" என்றார்.

சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. ஸ்டாம்புக்காக அந்தப் பிரின்ட்டர் எதைக் கொடுத்தாலும் புரட்டித்தான் அச்சடிக்கும். அப்படிப் பழக்கி வைத்தவரே அவர்தான். வேறு யார் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தாலும் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். இவர் காலைப் பேப்பர் படிக்கிற மாதிரி படித்து, இரண்டு போர்டு கட்டி முடித்துவிட்டார். படம் புரண்டு இருந்தது, அவர் அதை ஒரு புள்ளி பிசகாமல் புரண்டபடியே கட்டியிருந்தார். மேதை!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாப்பா என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க தினமும் இதுக்கு நேர் எதிர்லதானே உட்கார்ந்திருக்கீங்க? உங்களுக்குமா தெரியல?"

"எலக்ட்ரானிக்ஸ் பாஷைன்னு நினைச்சேன்மா" என்றேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ மொத்தத்தையும் பிரிச்சு மறுபடியும் கட்டணுமா? நாளைக்குள்ள எப்படி முடியும்?" என்றாள் பாப்பா.

புரட்டுவது என்று வந்துவிட்டால் அது அத்தானின் பேட்டை. போர்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். "மொத்தமும் ஒரே மாதிரி புரண்டிருக்கு. அறுத்த இடமும் சேர்ந்து புரண்டிருக்கு. ரெண்டு கால் சாமானுக்கு அதனால ஒண்ணும் இல்ல, இணைப்பு அதே இணைப்புதான். மூணு கால் இருக்கிறது இந்த ரெண்டு டிரான்சிஸ்டர்தான். படத்துல அதோட தட்டை மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பியிருக்கவும் நானும் அப்படியே வெச்சுட்டேன். ஓரத்துக் கால் ரெண்டும் இடம் மாறிப்போச்சு." நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "இது ரெண்டையும் கழட்டித் திருப்பி வெச்சா போதும். போர்டைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"

பிடித்துக்கொண்டாள். அவர் ஈயத்தை உருக்கினார், அவள் இடுக்கியால் மெதுவாக இழுத்தாள். "சூடு, சூடு, கையை எடு." "நீங்க எடுங்க முதல்ல." "கால் ஒடிஞ்சிடும், பார்த்து." "தெரியுதுப்பா." அவ்வளவுதான் பேச்சு. வாசலில் வந்து நின்ற செயலாளரை நானே அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டில் மாட்டினார்கள். பாப்பா தந்தியைச் சுண்டினாள். ஐயோ, அது என்ன சத்தம்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்காவின் பொய்த் தலைவலி நிஜமானது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏதாவது வெடிச்சிடுச்சா?" என்று கேட்டார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். நான் கதவருகே நின்றிருந்த அத்தானைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி.

"நல்லா இருக்கு" என்றாள் பாப்பா. யாரிடம் சொன்னாள்? ஸ்பீக்கரிடம். கிட்டாரைத் துடைத்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அம்மா, அவரைக் கொஞ்சம் தள்ளி..." என்று பழையபடி ஆரம்பித்தாள். கடையில் பேசியது அவசரத்துக்குப் பேசியது. அது கணக்கில் வராது போலிருக்கிறது. பெட்டி வந்துவிட்டது, ஆனால் அந்தப் 'பழசுதானே' அப்படியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் கடையைத் திறந்தார். நானும் போனேன். போர்டை ஓர் அலுமினியப் பெட்டிக்குள் இறக்கி மூடினார். அப்புறம் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னதாக, வட்டமாக ஏதோ செய்துகொண்டிருந்தார். "என்ன அத்தான் அது?" என்றேன். "உன் வேலையைப் பாரு" என்றார். எதைச் செய்தாலும் ஒருமுறை மையில் தொட்டுத் தாளில் அடித்துப் பார்க்காமல் கடையை விட்டு அனுப்பமாட்டார்; அதையும் அடித்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் தாளைக் கசக்கிவிட்டார். அந்த ரப்பர் வட்டத்தைப் பெட்டியின் கால் சுவிட்சுக்குத் தொப்பி மாதிரி ஒட்டினார். "வழுக்காம இருக்கும்" என்றார்.

பெட்டியை அக்கா மூலமாகக் கொடுத்தனுப்பினார். பாப்பா போனாள். அன்று பகல் முழுவதும் அத்தான் காலிங்பெல்லைப் பழுது பார்த்தார். அது ஏற்கெனவே நன்றாக இருந்தது, இப்போது அடிப்பதில்லை.

அதனால் பாப்பா திரும்பி வந்து கதவைக் கையால்தான் தட்ட வேண்டியிருந்தது. உள்ளே வந்தாள், கிட்டாரை இறக்கினாள். "அம்மா, என்னைக் குழுவுல எடுத்துக்கிட்டாங்க! நாளையிலேருந்து ஒத்திகைக்கு வரச் சொல்லிட்டாங்க!" அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் கை தட்டினேன், அத்தான் காலிங்பெல்லுக்குத் திருகாணி தேடினார்.

பாப்பா சோபாவில் சாய்ந்து காலை நீட்டினாள். "அந்த ரூம்ல கார்பெட் போட்டிருக்காங்க மாமா. செருப்பை வெளியில விட்டுட்டு வெறுங்காலோடதான் மிதிக்கணும்."

"என்னடி கால்ல நீலமா?" என்றாள் அக்கா.

உள்ளங்காலில் வட்டம் வட்டமாக நீல மை. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எழுத்து மாதிரி ஏதோ மசமசவென்று தெரிந்தது. பாப்பா காலைப் பார்த்தாள். பையிலிருந்து பெட்டியை எடுத்து, சுவிட்சின் தலையைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். பெட்டி புகைந்த அன்றைக்குப் பிறகு வீட்டில் அவரை நேராகப் பார்த்தது அதுதான்.

"இதுல என்னமோ எழுதியிருக்கு."

"சும்மா ஒரு பழைய ரப்பர். கால் வழுக்கக் கூடாதேன்னு ஒட்டினேன்" என்றார் அத்தான்.

"பழசா?"

அத்தான் மறுபடியும் திருகாணி தேடக் குனிந்தார். பாப்பா எழுந்து போய் அந்தப் பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

"எனக்குப் புரண்ட எழுத்து படிக்க வராது. உங்களுக்குத்தான் வரும். படிங்க."

அத்தான் பெட்டியை வாங்கினார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. தொண்டையைச் செருமினார். அவரே செய்த எழுத்து, நாலு விரல் அகலம்கூட இல்லை. அதைப் படிக்க அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள்!

"தப்பு என்னோடது" என்று படித்தார்.

பாப்பா நகரவில்லை. "பழசுன்னு சொன்னது?"

"அது இதுல எழுதல. இடம் பத்தல" என்றார். "அதுவும் தப்புதான், பாப்பா."

பாப்பா பெட்டியை வாங்கித் துணியில் சுற்றினாள். "தள்ளி உட்காருங்கப்பா" என்றாள், அக்காவிடம் சொல்லாமல் அவரிடமே, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.